ஆற்றுக்கு இடம் கொடுக்கும் வீடுகள்

சிகாகோ நகரத்திலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில், பிளானோ என்னும் சிற்றூரை அடுத்து ஓடுகிற ஃபாக்ஸ் நதியின் கரையில், மரங்களின் நடுவே, வெண்ணிறம் பூசிய எட்டு எஃகுத் தூண்களின்மேல், தரையைத் தொடாமல் நிற்கின்ற கண்ணாடி வீடு ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மீஸ் வான் டெர் ரோ என்னும் கட்டடக் கலைஞர், ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த் என்னும் மருத்துவ அம்மையாருக்காக வகுத்து, 1951-ஆம் ஆண்டில் பூர்த்தி செய்த இந்த வீட்டுக்கு வெளிச்சுவர் என்று சொல்லத்தக்கது கண்ணாடி ஒன்றே. நதியும், மரங்களும், பனிக்காலத்து வெண்மையும், இலையுதிர் காலத்துச் செம்மையும் வீட்டுக்குள்ளேயே வசிக்கின்றன என்று எண்ணும்படி அமைந்த அதன் சௌந்தரியத்தைப் புகைப்படங்களில் கண்டவர்கள், அன்று முதல் இன்று வரை, ஏரிக்கரை, ஆற்றங்கரை, கடற்கரை ஆகிய எங்கும் அதன் சாயலில் வீடுகளை எழுப்பி வருகிறார்கள். நம் காலத்தில் நீர்க்கரை வீடு என்றதும் மனக்கண்ணில் தோன்றுகிற தட்டையான கூரை, தரை முதல் கூரை வரை நீண்ட கண்ணாடி, நீரை நோக்கி நீளும் மேடை ஆகிய மூன்றுக்கும் இந்த வீடு முக்கியமான மூலங்களில் ஒன்று என்று சொல்லலாம்.

அதன் அழகில் எனக்குச் சற்றும் ஐயமில்லை. ஆயினும் அந்த வீட்டின் சரித்திரத்தில், நீர்க்கரையில் வீடு கட்ட நினைக்கும் ஒவ்வொருவரும் அறியவேண்டிய வேறொரு பகுதி உண்டு. ஃபாக்ஸ் நதி பெருகுவது மீஸ் வான் டெர் ரோ அறியாத விஷயமன்று. அறிந்தே அவர் வீட்டின் தளத்தைத் தரைக்கு மேல் ஐந்தடிக்குச் சற்று அதிகமாக உயர்த்தினார். அவர் கணக்கு மூன்றே ஆண்டுகள் நின்றது. 1954-ல் வந்த வெள்ளம் அந்தத் தளத்துக்கும் மேலே நான்கடி உயர்ந்து வீட்டுக்குள் புகுந்தது. 1996-ல் வந்த வெள்ளம் பெருங்கண்ணாடிகளை உடைத்து, மரச் சாமான்களைப் பாழாக்கிவிட்டுப் போயிற்று. 2008-லும் வீட்டுக்குள் நீர் நின்றது. நதியின் மேற்பகுதியில் ஊர்கள் பெருகி, வயலும் காடும் இருந்த இடங்களில் தார்ச் சாலைகளும் கான்கிரீட் முற்றங்களும் பரவியதனால், முன்பு மண்ணில் ஊறிய மழைநீர் பின்பு ஒரே மூச்சில் நதிக்கு வந்து சேர்ந்தது என்பது இதற்கு ஒரு முக்கிய காரணம். 2003-ல் 75 லட்சம் டாலருக்கு ஏலத்தில் வாங்கப்பட்டு, இப்போது பொதுமக்கள் பார்க்கும் காட்சிச்சாலையாகப் பாதுகாக்கப்பட்டு வருகிற அந்த வீட்டை, வெள்ளம் வரும் சமயங்களில் நீரியல் பளுதூக்கிகளைக்கொண்டு மேலே தூக்கி நிறுத்தலாமா என்று பொறியாளர்கள் ஆராய்ச்சி செய்யும் நிலை ஏற்பட்டது.

கலைஞர் நதியை அலட்சியம் செய்தார் என்று சொல்வது நியாயமாகாது. நதியின் உயரம் இதுதான் என்று ஓர் எண்ணை நிர்ணயித்து, அதற்கு மேல் வீட்டை நிறுத்தினார் என்பதே விஷயம். அந்த எண் மாறியபோது வீட்டுக்கு மாறும் வகை இருக்கவில்லை. நீர்க்கரை வீட்டின் கலை இன்று அடைந்திருக்கிற முக்கியமான முன்னேற்றம் என்று நான் கருதுவது, நீரைப் பார்ப்பதற்கான கண்ணாடியில் இல்லை. நீர் உயரும்போது தானும் உயர்ந்து, அது இறங்கும்போது தானும் இறங்கும் அடித்தளத்தில்தான் இருக்கிறது. அந்த அடித்தளத்தைப் பொறுமையோடு பயின்ற தேசம் நெதர்லாந்து.

நெதர்லாந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்குத் தாழ்ந்தது. ரைன், மாஸ் ஆகிய பெருநதிகள் அந்தத் தாழ்நிலத்தின் வழியாகவே கடலை அடைகின்றன. கரைகள் கட்டும் வித்தை வளர்வதற்கு முன், அந்த வடகடலோரத்து மக்கள் மண்ணைக் குவித்து மேடுகள் எழுப்பி, அவற்றின்மேல் குடிசைகள் கட்டி வாழ்ந்தார்கள். அவர்களைப்பற்றி ரோமாபுரிப் பண்டிதர் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்தில் கரைகளும், மதகுகளும், நீரிறைக்கும் காற்றாலைகளும் வந்தன. மேடுகளை விட்டு மக்கள் தாழ்வான நிலத்தில் பரவினர். 1953-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்து இரவில் வடகடல் கொந்தளித்து, கரைகளை உடைத்து, 1,836 உயிர்களைக் கொண்டுபோன பிறகு, கரைகளை இன்னும் உயரமாகவும் உறுதியாகவும் எழுப்புவதே வழி என்று தேசம் தீர்மானித்தது. ஆனால் 1993-லும் 1995-லும் வெள்ளம் கடலிலிருந்து வரவில்லை. நதிகளின் வழியாக வந்தது. இரண்டாம் முறை ஏறத்தாழ 2,50,000 பேர், ஆடுமாடுகளோடும் கைக்குக் கிடைத்த பொருள்களோடும், வீடுகளை விட்டு வெளியேறினர். கரைகள் பெரும்பாலும் தாங்கிவிட்டன என்றாலும், கரையை உயர்த்த உயர்த்த அதனுள் அடைபட்ட நதியும் உயர்கிறது, அது உடையும் நாளில் விளையும் நாசமும் அவ்வளவுக்கவ்வளவு பெருகுகிறது என்ற உண்மை எல்லோருக்கும் விளங்கியது.

அதன்பின் வகுக்கப்பட்ட பெருந்திட்டத்துக்கு ‘நதிக்கு இடம்’ என்பது பெயர். முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில், கரைகளை நதியிலிருந்து அப்பால் நகர்த்தியும், பக்கக் கால்வாய்கள் வெட்டியும், படுகையை ஆழமாக்கியும், நதி பரந்து ஓடுவதற்கு வேண்டிய நிலத்தை அதற்கே திருப்பிக் கொடுத்தார்கள். இந்தச் சிந்தனையின் காலத்திலேயே, வெள்ளப் படுகைக்குள் வீடு இருந்தே தீரவேண்டுமானால் அந்த வீட்டின் லட்சணம் என்ன என்ற கேள்வியும் பிறந்தது.

மாஸ் நதிக்கரையில் மாஸ்பொம்மல் என்று ஒரு கிராமம். அங்கே நதியை ஒட்டிய ஒரு நீர்நிலையின் ஓரத்தில், வெள்ளத்தைத் தடுக்கும் பெருங்கரைக்கு வெளிப்புறத்தில், அதாவது நதியின் கைக்கு எட்டும் இடத்தில், 2005-ஆம் ஆண்டை ஒட்டி, 32 வீடுகள் வரிசையாகக் கட்டப்பட்டன. சாதாரண நாட்களில் பார்ப்பவருக்கு அவை வளைந்த கூரையும் பல வர்ணங்களும் கொண்ட சிறிய விடுமுறை வீடுகளாகத் தோன்றுமே தவிர, விசேஷமாக எதுவும் தெரியாது; படகுகளைப்போல நீரில் அசைவதில்லை, நிலத்தின்மேல் அமர்ந்திருக்கின்றன. விசேஷம் அடியில் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டின் கீழும் நீர் புகாதபடி வார்க்கப்பட்ட உட்குழிவான கான்கிரீட் தொட்டி ஒன்று உண்டு. அந்தத் தொட்டி நிலத்திலுள்ள கான்கிரீட் தளத்தின்மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கிறதேயன்றி, அதோடு பிணைக்கப்படவில்லை. நீர் உயர்ந்து தொட்டியைச் சூழ்ந்ததும், வெறுங்குடத்தை அணைத்துக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் கையில் உணர்ந்த அந்த மேல்நோக்கிய உந்துதல் வீட்டைத் தூக்கத் தொடங்குகிறது. நீரோட்டத்தோடு வீடு போய்விடாமல் இருப்பதற்காக, இரண்டிரண்டு வீடுகளுக்கு நடுவே எஃகுக் கட்டுத்தறிகள் ஆழமாக அடித்து நிறுத்தப்பட்டிருக்கின்றன. வீடுகள் அவற்றைப் பற்றியபடி மேலும் கீழுமாக மட்டுமே நகரமுடியும். ஐந்தரை மீட்டர் உயரம் வரை நீர் ஏறினாலும் ஈடுகொடுக்கும்படி அந்தத் தறிகளின் உயரம் கணிக்கப்பட்டது. குடிநீர், கழிவுநீர், எரிவாயு, மின்சாரம் யாவும் வளைந்து நீளக்கூடிய குழாய்களின் வழியாக வருவதால், வீடு எழும்பினாலும் அவை அறுபடுவதில்லை. 2011-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாஸ் நதி பெருகியபோது, அந்த வீடுகள் எதிர்பார்த்தபடியே எழுந்து மிதந்து, நீர் வடிந்தபின் தங்கள் இடத்திலேயே இறங்கின.

இதன் கணக்கு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் விளங்கக்கூடியது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது. ஒரு கனமீட்டர் நீரின் எடை ஒரு டன். பத்து மீட்டர் நீளமும் ஏழு மீட்டர் அகலமும் உள்ள தொட்டியின்மேல் கட்டிய வீடு, தொட்டியையும் சேர்த்து நூறு டன் எடையுள்ளதானால், அது ஏறத்தாழ 1.43 மீட்டர் ஆழத்துக்கு நீரில் அமிழ்ந்து மிதக்கும். அதன்பின் வீட்டுக்குள் கொண்டுவரும் ஒவ்வொரு 700 கிலோ பாரமும் அதை ஒரு சென்டிமீட்டர் கீழே இறக்கும். ஆகையால் இத்தகைய வீட்டை வகுப்பவர், மேலே உள்ள சுவர்களையும் கூரையையும் மரத்தால் இலேசாகவும், அடியிலுள்ள தொட்டியைக் கான்கிரீட்டால் கனமாகவும் அமைக்கிறார். பாரம் கீழே தங்கினால்தான் காற்று வீசும்போது வீடு சாய்ந்தாடாது. தொட்டி கனமாக இருந்தும் மிதக்கிறது என்பதைவிட, கனமாக இருப்பதனாலேயே நிலையாக மிதக்கிறது என்பதுதான் இதில் கவனிக்கத்தக்க சூட்சுமம்.

மாஸ்பொம்மலில் வீடு மிதப்பது எப்போதோ வருகிற அபூர்வ சம்பவம். ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் கிழக்கே, ஐபர்க் என்னும் செயற்கைத் தீவுகளை ஒட்டிய நீர்க்குடியிருப்பில் அது நித்திய வாழ்க்கை. 1932-ல் கட்டிய பெரிய அணையினால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு ஏரியாகிவிட்ட அந்த நீர்ப்பரப்பின் மட்டத்தை மனிதர்களே ஆண்டு வருகிறார்கள். ஆகவே அங்கே மிதக்கும் வீடுகள் வந்ததற்குக் காரணம் வெள்ள பயமன்று, நிலத்தின் பஞ்சம். மார்லீஸ் ரோமர் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்து 2011-ல் முடிவடைந்த அந்தக் குடியிருப்பில், நடைபாலங்களே தெருக்கள். வீடுகள் யாவும் தொலைவிலுள்ள கப்பல் கட்டும் தளத்தில் முழுமையாகக் கட்டப்பட்டு, ஏரியின் வழியாக இழுத்துவரப்பட்டன. வழியிலுள்ள பூட்டுமதகின் வாயில் குறுகலானதால், எந்த வீடும் அகலத்தில் ஏறத்தாழ ஆறரை மீட்டரைத் தாண்ட இயலவில்லை. ஒரு மதகின் அகலம் ஒரு குடியிருப்பின் உருவத்தையே நிர்ணயித்துவிட்டது. அந்தக் குறுகிய அகலத்துக்குள், பாதி அளவு நீருக்குள் அமிழ்ந்த கீழ்த்தளத்தில் படுக்கையறைகளையும், அதற்கு மேலே வெளிச்சம் நிறைந்த கூடத்தையும், உச்சியில் திறந்த மாடியையும் அடுக்கி வைத்த திறமையை எவ்வளவு பாராட்டினாலும் தகும். படுக்கையறையின் ஜன்னலுக்குச் சற்றுக் கீழே நீர்மட்டம் இருப்பதால், வாத்துகள் அறையிலிருப்பவரின் கண்ணுக்கு நேரே நீந்திப் போகும்.

அவ்வீடுகளில் குடியேறியவர்கள் நிலத்து வீட்டில் நாம் நினைத்தும் பாராத ஒரு விஷயத்தைக் கற்க நேர்ந்தது. புத்தக அலமாரிகளையும் பியானோவையும் ஒரே பக்கத்தில் வைத்தால் வீடு அந்தப் பக்கம் சாய்கிறது. ஆகவே எந்தச் சாமான் எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே யோசித்து, எடையைச் சமப்படுத்த வேண்டியிருந்தது. சாய்வு நேர்ந்த வீடுகளின் பக்கத்தில் மிதவைகளைச் சேர்த்துச் சரிசெய்தார்கள். இதைக் குறையாக எண்ணுகிறவர்களும் உண்டு. வீட்டின் எடையையும் சமநிலையையும் அதில் வசிப்பவர் அறிந்திருப்பது வாழ்க்கைக்குச் செழுமை சேர்ப்பதே என்பது என் அபிப்பிராயம்.

அதே நகரத்தின் வடபகுதியில், ஸ்கோன்ஸ்கிப் என்னும் மற்றொரு மிதக்கும் குடியிருப்பை, 46 குடும்பங்கள் தாங்களே கூடிப் பல ஆண்டுகள் முயன்று உருவாக்கிக்கொண்டன. கூரைகளில் சூரிய ஒளித் தகடுகள் மின்சாரம் தருகின்றன. வீட்டுக்கு வீடு மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். குளிர்காலத்தில் கால்வாய் நீரிலுள்ள சொற்ப வெப்பத்தையே வெப்ப பம்புகளால் எடுத்து வீட்டைக் கதகதப்பாக்குகிறார்கள்.

இங்கிலாந்தில் தேம்ஸ் நதியிலுள்ள ஒரு சிறு தீவில், மார்லோ நகருக்கு அருகே, பாக்கா என்னும் கட்டடக் கலைஞர் குழு வகுத்த வீடு மாஸ்பொம்மல் வீடுகளின் தத்துவத்தைப் பின்பற்றியது. நதியிலிருந்து பத்து மீட்டரே தள்ளி நிற்கும் அந்த வீடு, மண்ணில் தோண்டிய ஒரு தொட்டிக்குள் அமர்ந்திருந்து, வெள்ளம் வரும்போது நான்கு கட்டுத்தறிகளின் நடுவே இரண்டரை மீட்டர் வரை எழும்பக்கூடியது. அதில் என் மனத்தைக் கவர்ந்தது வீட்டைக் காட்டிலும் அதன் தோட்டமே. நதியை நோக்கிப் படிப்படியாக இறங்கும் மேடைகளாக அத்தோட்டத்தை அமைத்து, ஒவ்வொரு படிக்கும் அதன் உயரத்துக்கேற்ற செடிகளை நட்டிருக்கிறார்கள். கோரை நிற்கும் முதற்படி நனைந்தால் நதி உயரத் தொடங்கிவிட்டது என்றும், அடுத்த படியும் நனைந்தால் ஆயத்தமாக வேண்டும் என்றும், வீட்டிலிருப்பவர் ஜன்னலில் நின்றே அறியலாம். வீட்டுக்கும் நதிக்கும் இடையிலுள்ள நிலத்தையே வெள்ளத்தின் அளவுகோலாக்கிய இந்த யோசனைக்குப் பெரும் செலவு எதுவும் இல்லை.

இவையெல்லாம் படித்த கலைஞர்களின் சிருஷ்டிகள் என்று எண்ணிவிடலாகாது. மாஸ்பொம்மலுக்கு முப்பது ஆண்டுகள் முன்பே, அமெரிக்காவின் லூயிசியானா மாகாணத்தில், மிஸிஸிப்பி நதியின் பழைய வளைவொன்றின் கரையில் குடிசை போட்டிருந்த மீன்பிடிப்போர், படகுத்துறைகளை மிதக்கவைக்க உதவும் நுரைக்கட்டிகளைத் தங்கள் வீடுகளின் அடியில் பொருத்தி, மூலைகளில் கம்பங்களை நட்டு, வசந்த காலத்து வெள்ளம் வரும்போதெல்லாம் வீட்டை மிதக்கவிட்டு வந்தார்கள். எந்தக் கலாசாலையும் அவர்களுக்கு அதைப் போதிக்கவில்லை. 2005-ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்த பிறகு, எலிசபெத் இங்கிலிஷ் என்னும் பேராசிரியை அந்த வீடுகளை ஆராய்ந்து, ஏழைகள் தங்கள் பழைய வீட்டையே குறைந்த செலவில் மிதக்கும் வீடாக மாற்றிக்கொள்ளும் முறையை வகுப்பதற்காக 2006-ல் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தை ஆரம்பித்தார். தூண்களின்மேல் நிரந்தரமாக உயர்த்திய வீட்டில், முதியவர்கள் நாள்தோறும் படியேறி இறங்கி அவதிப்பட வேண்டும். தெருவிலே போகிற அண்டை வீட்டாரோடு திண்ணைப் பேச்சும் அற்றுப்போகும். வெள்ளம் வரும் சில நாட்களுக்கு மட்டும் உயர்கிற வீடு மற்ற நாட்களில் தெருவோடு ஒட்டியே இருக்கும். இந்த நியாயம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

மிதப்பது எல்லா இடங்களுக்கும் ஏற்ற உபாயமன்று என்பதையும் சொல்லவேண்டும். மெதுவாக உயர்ந்து மெதுவாக வடிகிற நீருக்கே இந்த வீடுகள் ஏற்றவை. மலையிலிருந்து பாறைகளையும் மரங்களையும் உருட்டிக்கொண்டு வருகிற காட்டாற்றுக்கும், பேரலைகள் மோதுகிற திறந்த கடலுக்கும் முன்னால் கட்டுத்தறிகள் நில்லா. நீர்நிலைகளுக்குள் மிதக்கும் வீடுகளை நெருக்கமாக நிரப்பினால், அடியிலுள்ள நீருக்குச் சூரிய ஒளி மறைந்து, தாவரங்களும் மீன்களும் நலிவடையும் அபாயமும் உண்டு. செலவோ, மாஸ்பொம்மலிலும் மார்லோவிலும், சாமானியருக்கு எட்டுவதாக இல்லை.

நெதர்லாந்திலேயே ஓவர்டீப் என்னும் தாழ்நிலத்தில் உழவர்கள் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். நதி பெருகும்போது நீரை உள்ளே விடுவதற்காக அந்த நிலத்தின் கரையைத் தாழ்த்தப்போவதாக அரசாங்கம் அறிவித்தபோது, அங்கே பால்பண்ணை நடத்திய குடும்பத்தார் வெறுமனே எதிர்த்து நிற்காமல், தங்கள் திட்டத்தைத் தாங்களே வகுத்து அதிகாரிகளின் முன் வைத்தனர். நிலத்தின் தென்புறத்தில், புதிய கரையை ஒட்டி, சுமார் ஆறு மீட்டர் உயரமுள்ள மண்மேடுகளை எழுப்பி, வீட்டையும் மாட்டுக் கொட்டிலையும் அவற்றின்மேல் கட்டிக்கொள்வது என்பதே அது. முன்னோர்கள் கைவிட்ட மேடுகள் இருபத்தொன்றாம் நூற்றாண்டில் இவ்வாறு மீண்டும் எழுந்தன. பெருவெள்ளத்தின்போது அந்த ஏற்பாடு நதியின் மட்டத்தைச் சுமார் 27 சென்டிமீட்டர் குறைக்கும். ஆனால் முன்பிருந்த பண்ணைகளில் எட்டு மட்டுமே மேடுகளில் எஞ்சின; பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஈடுபெற்றுக்கொண்டு ஊரைவிட்டுப் போயின. நதிக்கு இடம் கொடுத்தவர்கள் என்று பெயர் சொல்லும்போது அவர்களையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நதி உயர்வதோடு நில்லாமல் நிலத்தையே தின்றுவிடுகிற பிரதேசங்களில் மேடும் உதவாது, மிதவையும் உதவாது. வங்காள தேசத்தில் மேக்னா, ஜமுனா நதிகளின் நடுவே உண்டாகிச் சில ஆண்டுகளில் கரைந்துபோகிற மணல்திட்டுகளில் லட்சக்கணக்கான ஏழைகள் பயிர் செய்து வாழ்கிறார்கள். டாக்காவிலுள்ள மரினா தபஸ்ஸும் என்னும் கட்டடக் கலைஞர், அவர்களுக்காக ‘குதி பாரி’, அதாவது ‘சிறிய வீடு’, என்ற ஒன்றை வகுத்திருக்கிறார். அதற்கு 2025-ஆம் ஆண்டின் ஆகா கான் கட்டடக் கலைப் பரிசு கிடைத்தது. மூங்கில்களையும், அவற்றை மூலைக்கு மூலை இணைக்கும் எஃகுக் கணுக்களையும் கொண்ட சட்டமே அந்த வீடு. கீழே ஒரு தளம், மேலே ஒரு பரண். வெள்ளம் புகுந்தால் குடும்பம் தானியத்தோடும் பாத்திரங்களோடும் பரணில் ஏறித் தங்கும். சுவர் எதனால் ஆனது என்பதைக் கலைஞர் தீர்மானிப்பதில்லை. தகரமோ, புல்லோ, மூங்கில் தட்டியோ, குடும்பத்தாருக்குக் கிடைப்பதை அவர்களே கட்டிக்கொள்கிறார்கள். திட்டு கரையத் தொடங்கினால், சில பேர் சேர்ந்து, கனமான கருவிகள் எதுவுமின்றி, கணுக்களைக் கழற்றி, மூங்கில்களைக் கட்டாகக் கட்டி, படகில் ஏற்றி அடுத்த திட்டுக்குக் கொண்டுபோய் அதே வீட்டை மறுபடி நிறுத்துகிறார்கள். ஒடிந்த மூங்கில் இருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும், எஃகுக் கணுக்கள் அப்படியே உதவும்.